லவீனியாவின் அறையில் அணைகிற பெட்டி

அன்றைக்கு வராந்தாவில் இருந்தவர்கள்: ஒரு நாற்காலி போதாமல் இரண்டைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த ஃபுசி அத்தை; திருப்புளியும் கையுமாகத் தரையில் சப்பணமிட்டிருந்த செமிசி; டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் அவன் சித்தி மகன் பெனி; சமையலறை வாசலில் மரவள்ளித் தோல் சீவிக்கொண்டிருந்த செமிசியின் பெண்டாட்டி மாலியா; வராந்தாவின் மறுகோடியில், அண்ணனுக்கு முதுகும் காட்டாமல் முகமும் காட்டாமல் ஒரு தினுசாகச் சாய்ந்து நின்ற செமிசியின் தங்கை லவீனியா; குஞ்சுகளோடு ஒரு கோழி. நடுவில், பழைய பாய் ஒன்றின் மேல், பக்கத் தகடு கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டி.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் தொல்லை.

"பாத்தியா, ஓடுது," என்றான் பெனி.

"ஓடும்டா. இங்க ஓடும். காலையிலேருந்து ஓடிட்டுதான் இருக்கு."

"அப்போ பொட்டியில ஒண்ணும் இல்ல."

"பொட்டியில இல்லேன்னா வேற எதுல?"

 பெட்டியில் இல்லையென்றால் அறையில். தங்கையின் அறையைப் பற்றி அந்த இரண்டு பேரும் வாய் திறக்க முடியாது.

அண்ணன் தங்கையின் அறைக்குள் போவதில்லை. சித்தி மகனும் அண்ணன்தான். கொலோங்கா ஊரில் பெட்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆண்கள் மூன்று பேர், மூன்று பேருமே லவீனியாவுக்கு அண்ணன் முறை. முறையில்லாத ஒருவனைக் கூட்டிவந்து உள்ளே விட்டால் பெட்டி சரியாகலாம், அப்புறம் அத்தை ஊருக்குள் தலைகாட்ட முடியாது. ஆகவே உள்ளே போவதும் வருவதும் மாலியாவின் வேலையாகிவிட்டது. பெட்டி அணைந்தால் அவள் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். வெளியே வந்ததும் அது நல்ல பிள்ளையாக ஓடும். தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் தள்ளி வைப்பாள். லவீனியா திரையில் ஒரு வீட்டு வரைபடத்தைத் திறந்து சுழற்ற ஆரம்பித்ததும் அணைந்துவிடும்.

"நீலத் திரையாவது வருதாம்மா?" என்று செமிசி கோழியைப் பார்த்துக் கேட்டான்.

"இல்லண்ணா. சொல்லாம கொள்ளாம பட்டுனு அணையுது," என்று லவீனியாவும் கோழியைப் பார்த்தே சொன்னாள். "விண்டோஸ் மறுபடி போட்டுப் பாத்துட்டேன். கார்டோட டிரைவர் பழசும் போட்டேன், புதுசும் போட்டேன். பொட்டி தானே எழுதி வச்சிருக்கற குறிப்புலயும் ஒண்ணும் இல்ல. திடீர்னு அணைஞ்சதுன்னு மட்டும்தான் இருக்கு."

"அது நமக்கே தெரியுமே," என்றாள் அத்தை. "இதைச் சொல்ல ஒரு குறிப்பு வேறயா?"

லவீனியா ஆக்லாந்தில் ஒரு கட்டடக்காரனுக்கு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். கிரெக் என்று பெயர். முகம் தெரியும், வாசனை தெரியாது, அந்த அளவுக்குத்தான் பழக்கம். முன்பெல்லாம் வெறும் கோடு போட்டால் போதும். இப்போது வீடு வாங்குகிறவர்கள் வாசல் வழியாக உள்ளே நடந்து, சமையலறையைச் சுற்றிப் பார்த்து, மாடியேறிக் கீழே எட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். எல்லாம் திரையிலேயே. பழைய பெட்டிக்கு அந்தத் தெம்பு இல்லை. ஒரு கதவைத் திறந்தால் மூச்சு வாங்கும். ஆக்லாந்திலிருந்து பெரியப்பா மகள் அனுப்பிய பீப்பாயில், மாட்டுக்கறி டின்களுக்கும் பழைய ஸ்வெட்டர்களுக்கும் நடுவில், துண்டில் சுற்றி ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்தது. செங்கல் கனம். செமிசி ஐஸ் பெட்டி ரிப்பேர் செய்கிறவன். மீன் பிடிக்கும் படகுகளின் ஐஸ் பெட்டிகளும் கடைகளின் ஐஸ் பெட்டிகளும் அவன் கையில்தான் பிழைக்கின்றன. அவனே இந்த வராந்தாவில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பழைய மின்பெட்டியைக் கழற்றிப் பெரிதாக ஒன்று போட்டு, கார்டை மாட்டினான். முதல் நாள் பெட்டி பறந்தது. லவீனியா ஜன்னல் வழியாக மாலியாவைக் கூப்பிட்டுத் திரையில் ஒரு வீட்டைக் காட்டினாள். காருக்குத் தனி அறை வைத்த வீடு.

"காருக்கு அறையா?" என்றாள் மாலியா.

"ரெண்டு கார் நிக்கும் அண்ணி."

 மாலியாவும் செமிசியும் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் படுக்கிறார்கள். பெரிய அறை லவீனியாவுடையது, கட்டிலோடு. அது மாமியார் அறை. அவர் இறந்த பிறகு மகளுக்கு. அதில் மாலியாவுக்குப் பேச்சில்லை. குடும்பத்தில் அண்ணனைவிடத் தங்கைக்குத்தான் மேல் இடம், அண்ணன் பெண்டாட்டி அதற்கும் கீழே. மாலியா நாத்தனாரைவிட ஆறு வயது பெரியவள். நாத்தனாரை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். பேச்சில்லை என்பதால் ஆசையில்லை என்று ஆகிவிடாது.

மறுவாரம் பெட்டி சாக ஆரம்பித்தது. வீடு வாங்குகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படிக்கட்டில் பாதி ஏறிய இடத்தில், பட்டென்று. அப்புறம் இன்னொரு வீட்டில், குளியலறை வாசலில். கிரெக் கெட்டவன் இல்லை. "இணையமோ மின்சாரமோ, அங்கே ஏதோ சரியில்லை. நீ இங்கேயே வந்துவிடு, காகிதமெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அலுவலகத்தில் ஒரு மேஜை காலியாக இருக்கிறது," என்றான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெரிய குடும்பம் ஒன்று வீடு பார்க்கிறது. அதுவும் பாதியில் நின்றால் வேறு வழியில்லை. வேலை வேண்டுமென்றால் அவள் கிளம்ப வேண்டும்.

"போயேன்," என்றாள் ஃபுசி அத்தை. "உங்கப்பன் அங்கதான் இருக்கான். பாதி ஊர் அங்கதான் இருக்கு. இங்க யாரு இருக்கா?"

"நாங்க இருக்கோமே," என்றான் செமிசி, திருப்புளியைப் பார்த்துக்கொண்டே.

"உன்னைச் சொல்லல. நீ எங்கயும் போக மாட்டே. கல்லு மாதிரி."

 லவீனியாவுக்குப் போக இஷ்டமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டுக் குழுவில் மேல் சுருதி அவள்தான். மாலியாவின் பிள்ளைகள் அவள் மடியில் வளர்ந்தவை. ஆக்லாந்துக்கு ஒருமுறை போய் வந்தவள், திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றித் தூர எறிந்துவிட்டுக் கிணற்றடிச் சேற்றில் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

*

அந்த வாரம் செமிசி எதையெல்லாம் சந்தேகப்பட்டான் என்று சொன்னால் நீளும். ரேம் என்கிற நினைவுக் குச்சிகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகினான். மின்பெட்டி மேல் சந்தேகப்பட்டுப் பெனியின் கடையிலிருந்து இன்னொன்றை வாங்கி மாட்டினான். வராந்தாவில் நின்றபடியே மாலியாவை உள்ளே ஏவினான்.

"ப்ளக் சூடா இருக்கா, தொட்டுப் பாரு."

"இல்ல."

"ஒயர் எங்கயாவது எலி கடிச்சிருக்கா?"

"எலி எங்க வருது? உன் தங்கச்சி அறையில துணி மடிச்சாக்கூட ஸ்கேல் வச்சுதான் மடிக்கணும்."

"திரை மொதல்ல அணையுதா, பொட்டி மொதல்ல அணையுதா?"

"மொதல்ல உன் தங்கச்சி மூஞ்சி அணையுது. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

"கிண்டல் பண்ணாதடி, வவாவுத் தீவுக்காரி."

"வவாவுல இந்நேரம் பொட்டியைக் கடல்ல போட்டுட்டு வேற வேலை பாத்திருப்போம்."

பிறகு அவன் சந்தேகம் மாலியாவின் ஐஸ் பெட்டிக்குப் போனது. அது உறுமி எழும்போது மின்சாரம் தாழ்ந்து பெட்டி அணைகிறதோ என்று. ஐஸ் பெட்டியை அணைத்துப் போட்டான். மாலியா மச்சினன் படகிலிருந்து வாங்கி அடுக்கிய மீன் முழுதும் இளகி ஒழுகியது. எல்லா மீனையும் எலுமிச்சையிலும் தேங்காய்ப் பாலிலும் ஊற வைத்துப் பச்சையாகத் தின்றார்கள், அண்டை வீட்டுக்காரர்களும் தின்றார்கள். தின்றுகொண்டிருக்கும்போது அறைக்குள்ளிருந்து லவீனியா, "போயிடுச்சு அண்ணி," என்றாள்.

"மீனும் போச்சு," என்றாள் மாலியா.

அறை ஒன்றும் மாறவில்லை. அதனால்தான் யாரும் அறையைச் சந்தேகிக்கவில்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது, வருஷக்கணக்காக. எரிமலை வெடித்து வானத்திலிருந்து சாம்பல் கொட்டியபோது பள்ளிக்கூடத்துப் பெட்டிகள் அத்தனையும் சாம்பலைத் தின்று செத்தன. லவீனியாவின் பெட்டி மட்டும் அதே அறையில், அதே இடத்தில், ஒரு தூசு படாமல் பிழைத்தது. அப்படிப்பட்ட அறையை யார் குறை சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை யாரும் திருப்புளியைத் தொடவில்லை. ஞாயிறு ஞாயிறுதான். கோயிலுக்கு ஆராதனைக்குப் போகும் முன்னால் செமிசி கொல்லையில் உமு போட்டான். குழியில் விறகு எரித்துக் கல்லைப் பழுக்க வைத்து, சேம்பிலையில் கட்டிய மாட்டுக்கறிப் பொட்டலங்களையும் கிழங்கையும் அடுக்கி, வாழையிலை போட்டு, ஈரச் சாக்கு போட்டு, மண் தள்ளி மூட வேண்டும். கோயில் விட்டு வந்து மாலியா பிரித்தபோது கிழங்கு நறுக்கென்றது. தேங்காய்ப் பால் பாலாகவே இருந்தது.

"சாக்கு எங்கய்யா?"

செமிசி திரும்பிப் பார்த்தான். ஈரச் சாக்கு வேலியில் தொங்கியது.

"இலையை மட்டும் போட்டு மண்ணைத் தூவிட்டுப் போயிருக்கே. சூடெல்லாம் மேல போயிடுச்சு. அமுக்கி மூடுனாத்தானே வேகும்? சின்னப் பிள்ளைக்குத் தெரியும்."

"யோசனையா இருந்தேன்."

"என்ன யோசனை? பொட்டி. பொட்டியை அவிச்சுத் தின்னு."

அத்தை பச்சைக் கிழங்கைக் கடித்துப் பார்த்துவிட்டு ரொட்டி கேட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை நியுதோவா ஊரில் லவீனியாவுடைய அம்மாவின் அண்ணன் இறந்துபோனார். வயதாகிப் படுக்கையில் கிடந்தவர், அதனால் அழுகையைவிட ஏற்பாடு அதிகம். லவீனியா அவருக்குச் சகோதரி மகள், அதில் மூத்த பெண். சாவு வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் அவள்தான் உட்கார வேண்டும். மாலியாவுக்கு அடுப்படி.

"சும்மா போக முடியாது," என்றாள் ஃபுசி அத்தை. "லவீனியா கட்டிலுக்கு அடியில பெரிய பாய் ஒண்ணு இருக்கும், அவ அம்மா நெய்ஞ்சது. அதை எடு. மரப்பட்டைத் துணி ஒரு சுருள் எடு."

லவீனியா ஒரு வீட்டைச் சுழல விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். எவ்வளவு தூரம் தாங்குகிறது பார்க்கலாம் என்று. மாலியா அறைக்குள் போய் மண்டியிட்டுக் கட்டில் விரிப்பைத் தூக்கினாள்.

கட்டிலுக்கு அடியில் அந்தக் குடும்பத்தின் சொத்து முழுதும் இருந்தது. பாய்ச் சுருள்கள், துணிச் சுருள்கள், ஒவ்வொன்றிலும் சந்தன எண்ணெய் வாசனை. கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, பாதிரியார் மாறிப் போனால் ஒன்று. அவற்றின் நடுவே, படுக்க வைத்தபடி, கம்ப்யூட்டர் பெட்டி. சாம்பல் விழுந்த அன்றைக்கு லவீனியா அதைப் பாய்களுக்குள் செருகினாள். அது பிழைத்ததிலிருந்து அதன் இடம் அதுதான். கூரை ஒழுகும் அறையில், திரை நிற்கும் குட்டி மேஜையை விட்டால், நனையாத இடமும் அது ஒன்றே. மாலியாவே எத்தனை தடவை அதை அங்கே தள்ளியிருப்பாள். முகப்பு மட்டும் பட்டன் அமுக்க வெளியே தெரியும். மிச்சமெல்லாம் பாய்.

பின்னாலிருந்த பெரிய சுருளைப் பிடித்து இழுக்கக் கையை விட்டாள். விட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள்.

சூடு. உமு பிரிக்கும்போது மேல் சாக்கு எப்படி இருக்குமோ அப்படி.

மறுபடி கையை விட்டுச் சுருளை இழுத்தாள். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு கொதிமூச்சு அவள் முகத்தில் அடித்தது, சந்தன வாசனையோடு. உள்ளே கத்திக்கொண்டிருந்த விசிறி கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் தணிந்தது. திரையில் யாருமில்லாத ஒரு வீடு நிற்காமல் சுற்றியது. ஒரு மாடிப்படி, ஒரு ஜன்னல், மறுபடி மாடிப்படி.

மாலியா தரையில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னதே காதில் விழுந்தது. அமுக்கி மூடினால்தான் வேகும். பழைய பெட்டி உள்ளேயே கிடந்தாலும் சூடேறவில்லை, அதற்குத் தெம்பில்லை. புதுக் கார்டு பழுத்த கல். அதைப் பாயில் பொதிந்து, விரிப்பும் போட்டு மூடி, வராந்தாவில் காற்றாட வைத்து என்ன கோளாறு என்று தேடினார்கள். இத்தனை நாள் செமிசியும் ஒருமுறைகூட பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? தங்கை படுக்கிற கட்டில்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் அறையைப் பார்த்தாள். இரண்டு ஜன்னல். இந்தப் பக்கம் பிள்ளைகள் படுக்கலாம். அந்த மூலையில் வவாவுவில் அம்மா வீட்டில் கிடக்கும் தன் பாய்களைக் கொண்டுவந்து அடுக்கலாம். நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள். எப்போதோ அளந்து வைத்ததுதான்.

சுருளை முன்போலவே அமுக்கித் தள்ளினாள். வேறொரு பாயை உருவி எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் வெளியே போய் அத்தையிடம் பாயை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே டக்கென்றது. ஈரத் தலையோடு லவீனியா அறைக்குள் போனாள். கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னாள், தனக்கே.

*

சாவு வீட்டு அடுப்படியில் புகை. மாலியா வள்ளிக்கிழங்கு வெட்டினாள், பாத்திரம் கழுவினாள், தேநீர் ஊற்றினாள், மறுபடி கிழங்கு வெட்டினாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. முன்னறையில் பாட்டு எழுந்தது. அதில் மேலே போகும் குரல் எதுவென்று அவளுக்குத் தெரியும். பார்க்காமலே தெரியும்.

தலைமாட்டில் உட்கார்கிறவளுக்கு நல்ல பாய் வரும், பெரிய பன்றி வரும். கொண்டுவந்து வைத்தார்கள். சற்று நேரத்தில் ஒரு சின்னப் பெண் வாழையிலைப் பொட்டலத்தோடு அடுப்படிக்கு வந்தாள்.

"வவாவு அண்ணி யாரு?"

"நான்தான். என்ன?"

"லவீனியாக்கா குடுத்தாங்க. நீங்க தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டு வரச் சொன்னாங்க. இல்லேன்னா வேற யாருக்காவது குடுத்துடுவீங்களாம்."

பிரித்தாள். பன்றியின் காதுக்குப் பின்னால் இருக்கும் தோல், முறுமுறுவென்று. ஒரு பன்றியில் இரண்டே துண்டுதான் தேறும். தனக்கு அது பிடிக்கும் என்று கல்யாணமான புதிதில் மாலியா ஒருதரம் வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து எந்த விருந்திலும் அது தப்பாமல் வந்துவிடும்.

"பீடை," என்றாள் மாலியா.

"யாரு?" என்றாள் சின்னப் பெண்.

"உன்னைச் சொல்லல. போ, தின்னுட்டேன்னு சொல்லு."

"இன்னும் தின்னலையே."

தின்றாள். புகை கண்ணில் பட்டு எரிந்தது. புகைதான்.

புதைத்துவிட்டு வியாழக்கிழமை பெனியின் லாரியில் திரும்பினார்கள். முன்னால் பெனியும் செமிசியும் அத்தையும். பின்னால் பாய் மூட்டைகளின் மேல் மாலியாவும் லவீனியாவும். தென்னந்தோப்புகள் ஈரமாக ஓடின. லவீனியா தனக்கு வந்த நல்ல பாயை மாலியாவின் பக்கம் தள்ளினாள்.

"இது உங்களுக்கு அண்ணி."

"எனக்கு எதுக்கு? உங்களுக்குன்னு குடுத்தது."

"நான் எங்க தூக்கிட்டுப் போறது? ஆக்லாந்துல அப்பா வீட்டுல சோபாவுலதான் படுக்கை. என் அறையில போடுங்க. ஜன்னல் ஓரம் பிள்ளைங்களைப் போடாதீங்க, சாரல் அடிக்கும். அந்தக் கதவு கீழ இடிக்குது. கொஞ்சம் தூக்கிச் சாத்தணும், அப்பத்தான் தாழ்ப்பா விழும்."

மாலியா அவளைப் பார்த்தாள். முகத்தில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும்.

"லவீனியா."

"ம்."

"உங்க பொட்டியை உமுல வச்சு அவிச்சுட்டு இருக்கீங்க."

"என்ன?"

"பாயில பொதிஞ்சு. அந்தப் புதுக் கார்டு கல்லு மாதிரி கொதிக்குது. சூடு போக வழியில்ல. வெந்துடக் கூடாதுன்னு அதுவே அணைஞ்சுக்குது. வெளிய எடுத்தா காத்துல ஆறிடுது, ஓடுது. அவ்வளவுதான். வேற ஒரு மண்ணும் இல்ல."

லவீனியா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாலியா பயந்துவிட்டாள், பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. சாவு வீட்டு லாரியில் சிரிப்புச் சத்தம் கேட்டு அத்தை பின் கண்ணாடி வழியாக முறைத்தாள்.

"அய்யோ. மீன் அத்தனையும் போச்சே அண்ணி."

"போச்சு."

"யாரு கண்டுபிடிச்சா?"

"என் கைதான். பாய் எடுக்கும்போது சுட்டுச்சு."

சிரிப்பு நின்றது. "பாய் எடுத்தது செவ்வாய்க்கிழமை."

"ஆமா."

லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. லவீனியா சாலையைப் பார்த்தாள். மாலியா தன் கையைப் பார்த்தாள். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

"சரி," என்றாள் லவீனியா கடைசியில். பாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "அண்ணன்கிட்ட கட்டில்னு சொல்லிடாதீங்க."

"பின்ன எங்கன்னு சொல்ல?"

"வெக்கையான இடம்னு சொல்லுங்க."

*

"பொட்டிக்கு மூச்சு முட்டுது," என்றாள் மாலியா, வீட்டுக்கு வந்ததும். "வெக்கையான எடத்துல இருக்கு. காத்து வேணும்."

செமிசி தலையை ஆட்டினான். "சரி." உடனே துளைக் கருவியைத் தேடப் போனான்.

"யோவ். எங்கன்னு கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"வெக்கையான எடம்னு சொன்னேல்ல."

மாலியாவுக்குச் சட்டென்று ஏதோ பிடிபட்டது. "உனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"தகடைக் கழட்டும்போதெல்லாம் மூக்கைச் சொறிஞ்சே. சந்தன எண்ணெய் வாசனை. பொட்டிக்கு ஏது சந்தன எண்ணெய்? பாய் வாசனை அது. உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியாது. ஒரு சந்தேகம்."

"சந்தேகம்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே! மீனை அழுக விட்டே, நினைவுக் குச்சியைக் கழட்டுனே, உன் தங்கச்சி ஊரைவிட்டே போயிருப்பா. ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"பாய் எங்க இருக்கும்?"

"கட்டிலுக்கு அடி..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"அதை நான் எப்படிடி என் வாயால சொல்றது?"

"நான் உன் பொண்டாட்டிய்யா."

"அவ என் தங்கச்சி."

அதற்கு மேல் அந்த வீட்டில் பதில் கிடையாது.  அவன் சந்தேகத்தை மரியாதைக்காக விழுங்கினான், நான் நிச்சயத்தை அந்த இரண்டு ஜன்னலுக்காக விழுங்கினேன், இதில் யார் யாரைத் திட்டுவது என்று மாலியா நினைத்துக்கொண்டாள். பிறகு துளைக் கருவியின் ஒயரை எடுத்துக் கொடுத்தாள்.

வழி செமிசியுடையதுதான். அறைக்குள் நனையாத இடம் வேறு இல்லை. ஆனால் லவீனியாவின் மேஜைக்குப் பின்சுவரும் வராந்தாவின் உள்சுவரும் ஒன்றுதான், பலகைச் சுவர். சுவரில் ஒரு ஓட்டை. பெட்டி வராந்தாவில், திரை உள்ளே. மழை வராந்தாவின் அவ்வளவு உள்ளே வராது. பெட்டி கெட்டாலும் அவன் எந்த அறைக்குள்ளும் போக வேண்டாம்.

வராந்தாவில் செமிசி நின்றான். அறைக்குள் லவீனியா நின்றாள். நடுவில் ஒரு விரல் தடிமன் பலகை. ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும். ஆனால் அது அவள் அறை, ஆகவே வாசற்படியில் மாலியா நின்று இரண்டு பக்கமும் பேசினாள்.

"மேஜை எவ்வளவு ஒயரம்னு கேளு."

"மேஜை எவ்வளவு ஒயரம்?"

"அண்ணன் முழங்கை ஒயரம்னு சொல்லுங்க அண்ணி."

"உன் முழங்கை ஒயரமாம்."

"கேட்டுச்சு," என்றான் செமிசி.

"கேட்டுச்சுன்னா என்னை எதுக்குய்யா நடுவுல நிறுத்தி வச்சிருக்கீங்க? நான் என்ன டவரா?"

"தள்ளி நிக்கச் சொல்லு, துளைக்கப் போறேன்."

"தள்ளி நிக்கறேன்னு சொல்லுங்க அண்ணி."

துளைக் கருவி கத்தியது. மரத்தூள் கொட்டியது. ஓட்டை விழுந்ததும் செமிசி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான், அதன் வழியே கண் போய்விடக் கூடாதென்று. அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஒயராக வெளியே நீண்டது. அவன் மூஞ்சியைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு, கையால் தடவிப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பெட்டியில் செருகினான். பெனி கோழிக் கூட்டுக்கு வைத்திருந்த கம்பிவலையை வளைத்துப் பெட்டிக்குக் கூடு கட்டினான். கோழி வந்து பார்த்துவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் வராந்தாவில் இருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை இரண்டு நாற்காலியில். பெனி கடையைத் திறக்கப் போகவில்லை. செமிசி பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தபடி, காய்ச்சல் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் லவீனியா ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். வாசல். கூடம். படிக்கட்டு.

"சுடுதா?" என்றாள் மாலியா.

"சுடுது. சுடணும். வெளிய வருதுல்ல," என்றான்.

விசிறி இரைந்தது. திரையிலிருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை எதையோ கேட்டது, லவீனியா சிரித்தாள். குளியலறை. மாடி. திரும்பப் படிக்கட்டு. காருக்கு அறை. அத்தை உதட்டை அசைத்து ஜெபம் பண்ணினாள். போகச் சொன்னவளும் அவள்தான்.

பேச்சு நின்றது. லவீனியா வெளியே வந்தாள். மேலே கோயிலுக்குப் போடும் வெள்ளை ரவிக்கை, கீழே பழைய பாவாடை. யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர்ப் பானைக்குப் போய் ஒரு குவளை குடித்தாள்.

"என்னாச்சு?" என்றாள் அத்தை.

"பிடிச்சிருக்காம். ஒரு ஜன்னல் மட்டும் மாத்தணுமாம்." கோழியைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு வீடு இருக்காம், திங்கக்கிழமைக்குள்ள வேணுமாம். ஆக்லாந்து மேஜை பத்தி அவரும் கேக்கல, நானும் கேக்கல."

செமிசி பெட்டியிலிருந்து கையை எடுத்தான். பெனி எழுந்து உடுப்பில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். மாலியா மரவள்ளியை எடுத்து மடியில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள். "மீன் இல்ல. மீன் எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

"அப்புறம் அண்ணி. அந்த ஜன்னலை முடிச்சுட்டு வரேன்."

போகும்போது மாலியாவின் தோளில் கை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். கனமாகவே அமுக்கினாள். பிறகு அறைக்குள் போனாள். கதவு கீழே இடித்தது. உள்ளிருந்து அதைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.